ஜெர்மன் மொழியில் பால்பாகுபாடு – தமிழ், அரபு இலக்கண ஒளியில் ஓர் அறிமுகம்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள், தம் எழுத்தராய் விளங்கிய ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் மொழியைக் கற்குமாறு பணித்தார்கள் என்றும், இளைஞரான அவர் மிகக் குறுகிய நாள்களில் அதனைக் கற்றுத் தேர்ந்து, வரும் மடல்களைப் படித்துக் காட்டியும் மறுமொழி எழுதியும் தொண்டாற்றினார் என்றும் ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. பிறமொழி கற்றல் நம் மார்க்கத்தில் வெறும் பிழைப்பு வழியாக மட்டும் கருதப்பட்டதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்றாகும்.

இன்று நம் மாணவ மாணவியருள் பலர் ஜெர்மன் மொழி கற்க முற்படுகின்றனர். செவிலியர் பணிக்கும், பொறியியல் மேற்படிப்புக்கும், தொழிற்பயிற்சிக்கும் அந்நாடு செல்வோர் ஐரோப்பிய மொழித் தரநிலைகள் ஆறனுள் குறித்த ஒரு நிலையை எட்டியிருத்தல் வேண்டும். செவிலியர்க்குப் பெரும்பாலும் நான்காம் நிலையாகிய 'பி-2' கேட்கப்படுகிறது. ஆர்வத்தோடு தொடங்குவோருள் ஒரு பகுதியினர் சில வாரங்களிலேயே சோர்ந்து பின்வாங்குவதைக் காண்கிறோம். காரணம் கேட்டால் அவர்கள் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: “எந்தச் சொல்லுக்கு எந்தப் பால் என்று தெரியவில்லை, அதற்கு ஒரு நியாயமும் இல்லை.”

நியாயம் இல்லை என்னும் இவ்வெண்ணமே ஈண்டு ஆராயத்தக்கது. ஜெர்மன் மொழியின் பால்பாகுபாடு நாம் எதிர்பார்க்கும் நியாயத்தைக் கொண்டிருக்கவில்லை என்பது உண்மை. எனினும் அதற்கென ஒரு நியாயம் உண்டு. தமிழ் இலக்கணமும் ஓரளவு அரபு இலக்கணமும் பயின்ற நம் மாணவர்க்கு அந்த நியாயம் முற்றிலும் அயலானதன்று என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேசை மீது மூன்று பால்

ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாப் பால் என மூவகைப்படும். பெயருக்கு முன் நிற்கும் சிறு சொல்லே பாலைப் புலப்படுத்தும். ஆங்கில இலக்கணம் 'ஆர்ட்டிகிள்' எனக் கூறும் இச்சொல்லை இக்கட்டுரையில் 'முற்சொல்' என வழங்குவோம். ஆண்பாலுக்கு 'டெர்', பெண்பாலுக்கு 'டீ', மூன்றாம் பாலுக்கு 'டாஸ்' என்பன சுட்டிக் கூறும் முற்சொற்கள். 'ஒரு' என்னும் பொருளில் வருங்கால் ஆண்பாலுக்கும் மூன்றாம் பாலுக்கும் 'ஐன்' என்பதும், பெண்பாலுக்கு 'ஐனெ' என்பதும் வரும்.

இனி, உணவு மேசையை நோக்குவோம். அங்கே கரண்டி, முள்கரண்டி, கத்தி ஆகிய மூன்றும் கிடக்கின்றன. கரண்டி ஆண்பால் – டெர் லெஃபல். முள்கரண்டி பெண்பால் – டீ காபெல். கத்தி மூன்றாம் பால் – டாஸ் மெஸ்ஸர். மூன்றும் உலோகத்தால் ஆனவை, மூன்றும் உண்ணப் பயன்படுபவை, மூன்றற்கும் உயிரில்லை. எனினும் பால் மூன்று.

இதனினும் வியப்பளிப்பது, மக்களைக் குறிக்கும் சொற்களில் சில நடந்துகொள்ளும் முறை. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்னும் சொல் பெண்பாலன்று. 'டாஸ்' பெறும் மூன்றாம் பால். 'ஆள்' என்னும் பொருளுடைய 'பெர்ஸோன்', ஆடவனைக் குறிக்கும்போதும் பெண்பாலே. 'ஆண்தன்மை' என்னும் பொருள் தரும் 'மென்லிஷ்கைட்' என்னும் சொல்லோ பெண்பால்!

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1878-இல் ஹைடல்பெர்க் நகரில் தங்கி இம்மொழியோடு மல்லுக்கட்டியவர். 1880-இல் வெளிவந்த தம் பயண நூலின் பின்னிணைப்பில், இளம்பெண்ணுக்குப் பால் இல்லை, கிழங்குக்கு மட்டும் பால் உண்டோ என்னும் கருத்துப்பட அவர் எள்ளி நகையாடினார். கற்போர் அனைவரும் இன்றும் அந்நகைப்பில் பங்குகொள்கின்றனர். நகைத்து முடித்தபின் செய்ய வேண்டுவது யாது என்பதே நம் வினா.

தமிழின் நெறி

நம் மாணவர் இடர்ப்படுவது ஏன்? தமிழ் அவர்க்குக் கற்பித்த நெறி வேறாக இருப்பதே காரணம். தொல்காப்பியம் சொற்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்து, அவற்றை ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என ஐந்தாக வகுக்கிறது. இப்பாகுபாடு பொருளை அடிப்படையாகக் கொண்டது. மக்கள் உயர்திணை, பிற அஃறிணை. பொருளை அறிந்தால் பாலை அறியலாம். தனியே மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. எனவே தமிழ் மாணவன் 'டெர் லெஃபல்' என்று கேட்டவுடன், “கரண்டிக்கு ஆண்மை எங்கிருந்து வந்தது?” என வினவுவது இயல்பே.

ஆயினும் பொருளை விடுத்துச் சொல்லின் வடிவத்தையே பின்பற்றும் இடங்கள் தமிழிலும் உண்டு. 'குழந்தை அழுதது' என்கிறோம். குழந்தை உயர்திணைப் பொருள். வினையோ அஃறிணை முடிபு. இதனைப் பிழையென எவரும் கூறார். அரசு, மகவு, குழவி முதலான சொற்கள் பொருளால் உயர்திணையாயினும் முடிபால் அஃறிணையாய் நிற்றலைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் எடுத்தோதியுள்ளார். ஞாயிறு, திங்கள் ஆகியவற்றையும் அவ்வாறே உயர்திணை முடிபு கொள்ளாச் சொற்களுள் வைத்துள்ளார். பொருள் ஒரு திசையும் சொல் மறு திசையும் நோக்கும் இடங்களை நம் இலக்கண ஆசான் அன்றே கண்டு நெறிப்படுத்தியிருக்கிறார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஜெர்மன் மொழியில் குழந்தையைக் குறிக்கும் சொல் 'டாஸ் கிண்ட்'. அதுவும் மூன்றாம் பாலே. 'குழந்தை அழுதது' எனக் கூறும் நமக்கு 'டாஸ் கிண்ட்' வியப்பளிக்க வேண்டுவதில்லை. தமிழில் சில இடங்களில் மட்டும் காணும் நெறி ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் உலகம் முழுவதும் பரவியுள்ளது. வேறுபாடு அளவில்தான்.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. தமிழ் தன் பாலை வினையின் ஈற்றில் காட்டும்: வந்தான், வந்தாள், வந்தது. ஜெர்மன் வினை பால் காட்டுவதில்லை. அவன், அவள், அது ஆகிய மூன்றற்கும் 'கொம்ட்' என்னும் ஒரே வினைதான். அம்மொழி பாலைப் பெயரின் முன்னே வைக்கிறது. நாம் வாக்கியத்தின் இறுதியில் எதிர்பார்ப்பதை அவர்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றனர்.

அரபு காட்டும் இடைவழி

மதரஸாவில் நஹ்வு, ஸர்ஃபு பயின்ற மாணவர்க்கு இத்துறையில் ஒரு முன்பயிற்சி உண்டு. அரபு மொழியில் எல்லாப் பெயர்களும் முதக்கர் எனப்படும் ஆண்பால், முஅன்னஸ் எனப்படும் பெண்பால் ஆகிய இரண்டனுள் அடங்கும். உயிரற்ற பொருள்களும் இதற்கு விலக்கல்ல. கிதாப் ஆண்பால் ஆதலின் 'ஹாதா' என்னும் சுட்டைப் பெறும். மதரஸா பெண்பால் ஆதலின் 'ஹாதிஹி' என்னும் சுட்டைப் பெறும். 'டெர்', 'டீ' என்னும் வேறுபாடும் இத்தகையதே.

அரபில் சொல்லின் ஈற்றில் வரும் 'தா மர்பூதா' பெண்பாலின் அடையாளம். அவ்வடையாளம் இருந்தும் 'கலீஃபா' ஆண்பால். அஃது இல்லாதிருந்தும் 'ஷம்ஸ்' பெண்பால். பொதுவிதியும் அதற்குப் புறனடையும் அங்கும் உள்ளன. அவற்றை எவரும் நியாயமற்றவை என்று கூறி அரபைக் கைவிட்டதில்லை.

ஷம்ஸ், கமர் ஆகியவை திருக்குர்ஆன் அத்தியாயங்களின் பெயர்களாக நாம் நன்கறிந்த சொற்கள். அரபில் ஞாயிறு பெண்பால்; திங்கள் ஆண்பால். ஜெர்மன் மொழியிலும் ஞாயிறு பெண்பால் – டீ ஸோனெ. திங்கள் ஆண்பால் – டெர் மோண்ட். ஒன்றோடொன்று உறவில்லா இரு மொழிக் குடும்பங்கள் இதில் ஒத்திருக்க, ஜெர்மனிக்கு அண்டை நாடாகிய பிரான்சின் மொழியில் இது தலைகீழாகிறது. அங்கே ஞாயிறு ஆண்பால், திங்கள் பெண்பால். தமிழிலோ இரண்டும் அஃறிணை முடிபின. வானத்தில் இருப்பது ஒரே ஞாயிறுதான்.

இன்னும் அணுக்கமான சான்று ஒன்று காட்டலாம். 'கிதாப்' என்னும் அதே சொல் அரபில் ஆண்பால். அங்கிருந்து உருது மொழிக்குச் சென்றபின் பெண்பால். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளிலிருந்து வரும் உருது பேசும் மாணவர் இதனை நன்கறிவர். சொல் மாறவில்லை, பொருள் மாறவில்லை. மொழி மாறியது, பால் மாறியது. வடமொழியில் மனைவியைக் குறிக்கும் தார என்னும் சொல் ஆண்பால், பார்யா பெண்பால், களத்ர மூன்றாம் பால் என்பதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. ஒருத்தியையே குறிக்கும் மூன்று சொற்கள் மூன்று பாலாயின.

இச்சான்றுகளால் பெறப்படுவது ஒன்று: இத்தகைய மொழிகளில் பால் என்பது பொருளின் பண்பாக இன்றிச் சொல்லின் பண்பாக அமைகிறது. கரண்டியில் ஆண்மையைத் தேடுதல் வீண். 'லெஃபல்' என்னும் சொல் அவ்வகுப்பைச் சேர்ந்தது, அவ்வளவே. இவ்வுண்மை மனத்தில் பதிந்த மாணவன் “ஏன்?” எனக் கேட்டு அலைவதை நிறுத்தி, “எப்படி அறிவது?” எனக் கேட்கத் தொடங்குவான். பயனுள்ள வினா அதுவே.

சொல்லின் ஈறு காட்டும் பால்

எப்படி அறிவது? சொல்லின் ஈறு பல இடங்களில் பாலைக் காட்டிக்கொடுக்கும். இவ்விதிகளைக் கற்றுக்கொண்டால் சுமையில் ஒரு பெரும்பகுதி குறையும்.

'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்', 'டேட்', 'இயோன்' என்னும் ஒட்டுகளால் முடியும் சொற்கள் பெண்பால். ட்ஸைட்டுங் (செய்தித்தாள்), கெஸுண்ட்ஹைட் (உடல்நலம்), ஃப்ராயண்ட்ஷாஃப்ட் (நட்பு), உனிவர்ஸிடேட் (பல்கலைக்கழகம்) ஆகியன சான்றுகள். மேற்காட்டிய 'மென்லிஷ்கைட்' பெண்பாலானதன் காரணமும் இதுவே. அதன் பொருள் ஆண்தன்மையாயினும் அதன் ஈறு 'கைட்'. ஈறே பாலை முடிவு செய்தது.

'ஷென்', 'லைன்' என்பன சிறுமைப்பொருள் தரும் ஒட்டுகள். இவற்றை ஏற்ற சொல் எதுவாயினும் மூன்றாம் பாலாகிவிடும். 'மேட்ஷென்' என்பதன் மருமம் இப்போது விளங்கும். சிறுமியைப் பாலற்றவளாக எவரும் கருதவில்லை. 'ஷென்' என்னும் ஒட்டு அச்சொல்லைத் தன் வகுப்பில் சேர்த்துக்கொண்டது. மார்க் ட்வைனின் நகைப்புக்குரிய விடையும் இதில் அடங்கியுள்ளது. 'உம்', 'மென்ட்' என முடிவனவும் பெரும்பாலும் மூன்றாம் பாலே: முஸேயும் (அருங்காட்சியகம்), மெடிகமென்ட் (மருந்து). தொழிலைக் குறிக்கும் வினைச்சொல்லை அவ்வாறே பெயராக்கினாலும் மூன்றாம் பால்: டாஸ் லேஸன் – படித்தல். நம் தொழிற்பெயர் அஃறிணை ஆதலை இதனோடு ஒப்பிடலாம்.

'லிங்', 'இஸ்முஸ்', 'ஓர்' என முடிவன ஆண்பால். கிழமைகள், திங்கள்கள், பருவங்கள் ஆகியவற்றின் பெயர்களும் ஆண்பால். தொழில் செய்வோரைக் குறிக்கும் 'அர்' ஈற்றுச் சொற்களும் ஆண்பால். அவற்றோடு 'இன்' சேர்க்கப் பெண்பால் ஆகும். ஆசிரியன் 'லேரர்', ஆசிரியை 'லேரரின்'. மாணவன், மாணவி என்றும், முஅல்லிம், முஅல்லிமா என்றும் வழங்கும் நமக்கு இது புதிதன்று.

'எ' என்னும் உயிரோசையில் முடியும் பெயர்களுள் மிகப் பெரும்பாலானவை பெண்பால். மருத்துவமனையில் வழங்கும் சொற்களையே எடுத்துக்கொள்வோம்: டப்லெட்டெ (மாத்திரை), ஷ்ப்ரிட்ஸெ (ஊசி), வுண்டெ (புண்) – அனைத்தும் 'டீ' பெறுவன. 'டாஸ் அவ்கெ' (கண்), 'டெர் நாமெ' (பெயர்) போன்றவை புறனடைகள். அவை சிலவே, அவற்றைத் தனியே நினைவிற்கொள்ளலாம்.

தொகைச்சொற்களின் விதி இன்னும் எளிது. இரண்டோ மூன்றோ சொற்கள் சேர்ந்து ஒரு சொல்லானால், இறுதிச் சொல்லின் பாலே தொகையின் பாலாகும். கை 'டீ ஹாண்ட்', காலணி 'டெர் ஷூ'. இரண்டும் சேர்ந்த கையுறை 'டெர் ஹாண்ட்ஷூ'. குருதி 'டாஸ் ப்ளூட்', அழுத்தம் 'டெர் ட்ருக்'. இரத்த அழுத்தம் 'டெர் ப்ளூட்ட்ருக்'. தமிழிலும் 'மரவீடு' என்பதில் தலைமைச்சொல் வீடே அன்றோ? ஜெர்மன் மொழியின் நெடுஞ்சொற்களைக் கண்டு மலைப்போர் அவற்றின் வாலைப் பிடித்தால் போதும். 'வாரம்' பெண்பாலாக இருக்க, அதனை இறுதியிற்கொண்ட 'மிட்வோஃ' என்னும் புதன்கிழமை மட்டும் ஏனைய கிழமைகளோடு சேர்ந்து ஆண்பாலாயிற்று. இத்தகைய விலக்குகள் மிகக் குறைவு.

பால் மாறப் பொருள் மாறும் சொற்களும் உள. 'டெர் ஸே' என்றால் ஏரி. 'டீ ஸே' என்றால் கடல். 'டெர் லைட்டர்' தலைவன். 'டீ லைட்டர்' ஏணி. 'டாஸ் ஷ்டாயர்' ஊர்தியைச் செலுத்தும் சக்கரம். 'டீ ஷ்டாயர்' வரி. இவ்விடங்களில் முற்சொல் வெறும் அணியாக நில்லாமல், பொருளை வரையறுக்கும் உறுப்பாகவே செயற்படுகிறது.

வேற்றுமை ஏற்கும் முற்சொல்

முற்சொல் பால் காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை, வேற்றுமையையும் காட்டும். இங்கேதான் ஆங்கில வழி ஜெர்மன் கற்போர் பெரிதும் இடர்ப்படுவர். தமிழ் மாணவர்க்கோ இது தம் சொந்த நிலம் போன்றது. தமிழில் வேற்றுமை எட்டு. ஜெர்மன் மொழியில் நான்கு. அவை நம் முதல், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகளோடு பெரும்பான்மையும் ஒத்து வருவன. ஆண்பால், பெண்பால், மூன்றாம் பால், பன்மை என்னும் வரிசையில் அவற்றின் முற்சொற்கள் வருமாறு:

எழுவாய் – டெர், டீ, டாஸ், டீ
ஐ பொருள் – டென், டீ, டாஸ், டீ
கு பொருள் – டெம், டெர், டெம், டென்
உடைமைப் பொருள் – டெஸ், டெர், டெஸ், டெர்

இடங்கள் பதினாறு, வடிவங்கள் ஆறே. பன்மையில் பால் வேறுபாடு முற்றிலும் மறைந்துவிடுவதையும் காண்க. அஃறிணைப் பன்மையைப் பெண்பால் ஒருமைபோல் வழங்கும் அரபு மரபை அறிந்தோர்க்கு, பன்மைக்கும் எழுவாயில் 'டீ' வருதல் எளிதில் நினைவில் நிற்கும். எழுவாய்க்கும் ஐ பொருளுக்கும் வேறுபாடு காட்டுவது ஆண்பால் ஒன்றே என்பதும் கருதத்தக்கது.

இவ்வமைப்பின் பயனை ஒரு சான்றால் விளக்குவோம். 'நாய் மனிதனைக் கடித்தது' என்பதைத் தமிழில் 'மனிதனை நாய் கடித்தது' எனவும் மாற்றிக் கூறலாம்; 'ஐ' உருபு இருத்தலின் பொருள் பிறழாது. ஆங்கிலத்தில் இவ்வாறு இடம் மாற்றினால் கடித்தவன் மனிதனாகிவிடுவான். ஜெர்மன் மொழியில் 'டெர் ஹுண்ட்' என்றால் கடித்த நாய். 'டென் மன்' என்றால் கடிபட்ட மனிதன். எதனை முன் வைப்பினும் பொருள் மாறாது. நாம் சொல்லின் பின்னே சேர்க்கும் உருபை அவர்கள் முன்னே நிற்கும் முற்சொல்லில் ஏற்றுகின்றனர், பணி ஒன்றே. பெண்பாலிலும் மூன்றாம் பாலிலும் இவ்வேறுபாடு மறைதல் குறை போலத் தோன்றலாம். நாமும் 'மரம் வெட்டினான்' என ஐ உருபு தொக்க தொடரை வழங்குகிறோம். இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம்.

பணிக்களத்தில் இதன் இன்றியமையாமையை உணரலாம். 'நான் நோயாளிக்கு மாத்திரையைக் கொடுக்கிறேன்' என்று ஒரு செவிலி கூறுகிறாள் எனக் கொள்வோம். 'மாத்திரையை' என்பதற்கு 'டீ டப்லெட்டெ'. 'நோயாளிக்கு' என்பதற்கு, அவர் ஆடவராயின் 'டெம்', பெண்ணாயின் 'டெர்'. எழுவாயில் ஆண்பாலைக் காட்டும் அதே 'டெர்', இங்குக் 'கு' பொருளில் பெண்பாலைக் காட்டுகிறது. இதனை அறியாதவர் கேட்ட மாத்திரத்தில் மயங்குவர். பால் அறிந்தாலன்றி வேற்றுமை அறிய இயலாது. வேற்றுமை அறியாவிடில் யார்க்கு எது என்பது தெளிவாகாது. பாலைப் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போடுவோர் பின்னர் எல்லாவற்றையும் மீண்டும் கற்க நேர்வது இதனாலேயே. பெயரடைகளின் ஈறும் பாலுக்கேற்ப மாறுவது. முற்சொல் பிழையானால் அதுவும் உடன் பிழையாகும்.

இரவல் சொற்கள் பால் பெறும் வகை

பால் சொல்லின் பண்பு என்பதற்கு, வேற்றுமொழியிலிருந்து சென்ற சொற்கள் சிறந்த சான்றாகின்றன. அரபிலிருந்து ஜெர்மன் மொழிக்குச் சென்ற சொற்கள் பல. 'ஸுக்கர்' என்பதன் வழிவந்த சர்க்கரை 'டெர் ட்ஸுக்கர்'. 'கஹ்வா' வழிவந்த காப்பி 'டெர் கஃபே'. 'ஸிஃப்ர்' வழிவந்த எண்குறி 'டீ ட்ஸிஃபர்'. 'மக்ஸன்' வழிவந்த 'மகஸீன்' மூன்றாம் பால். 'அல்ஜப்ர்' என்பது 'டீ அல்கெப்ரா' ஆயிற்று. 'அல்' என்பது அரபின் முற்சொல் என்பதை அறியாத ஐரோப்பியர் அதனையும் சேர்த்துச் சொல்லாகக் கொண்டு, அதன்முன் தம் முற்சொல்லையும் வைத்தனர். ஒரு பெயருக்கு இரு முற்சொற்கள்! சமயச் சொற்களும் இவ்வாறே பால் பெற்றுள்ளன: டெர் கொரான், டீ மொஷே (பள்ளிவாசல்), டாஸ் மினாரெட்.

தமிழும் இதற்கு விலக்கன்று. நம் கட்டுமரம் அங்கே 'டெர் கட்டமரான்' என ஆண்பாலாகியுள்ளது. 1856-இல் கார்ல் கிரவுல் லைப்ஸிக் நகரில் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பின் தலைப்பு 'டெர் குரல் டெஸ் திருவள்ளுவர்' என்பதாகும். இத்தலைப்பு ஒன்றே ஒரு பாடம். எழுவாயாய் நிற்கும் குறள் 'டெர்' பெற்று ஆண்பாலாயிற்று. அதனை இயற்றியவர் பெயர் 'டெஸ்' பெற்று ஆறாம் வேற்றுமையாயிற்று. குறளுக்குத் தமிழில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. ஜெர்மன் மொழியுள் நுழையும் எந்தப் பெயரும் மூன்றனுள் ஒரு வாயில் வழியே நுழைதல் வேண்டும். குறளும் அவ்வாறே நுழைந்தது.

வாயில் எது என்பதில் ஜெர்மானியரே மாறுபடுவதும் உண்டு. வெண்ணெய்க்குப் பொதுவழக்கு 'டீ புட்டர்'. தென்பகுதிப் பேச்சுவழக்கிலோ 'டெர்'. மின்னஞ்சலுக்கு ஜெர்மனியில் 'டீ'. ஆஸ்திரியாவில் 'டாஸ்' என்பதும் பெருவழக்கு. அம்மொழிக்குரியவர்களே சிற்சில இடங்களில் தயங்குகின்றனர் என்பது, கற்கும் நம் மாணவர்க்கு ஆறுதல் தரும் செய்தி அன்றோ?

கற்கும் முறை

மேற்கூறியவற்றைக் கொண்டு சில கருத்துகளை மாணவர் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, எந்தப் பெயரையும் முற்சொல் இன்றி எழுதவோ, சொல்லவோ, மனத்திற் கொள்ளவோ வேண்டா. 'மேசை – டிஷ்' என எழுதாமல் 'மேசை – டெர் டிஷ், பன்மை டீ டிஷெ' என எழுதுக. முற்சொல்லைச் சொல்லின் முதலெழுத்தைப் போலவே கருதுதல் நலம்.

இரண்டாவது, குறிப்பேட்டில் ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மூன்றாம் பாலுக்குப் பச்சை என வண்ணம் பிரித்து எழுதுக. கண்ணின் நினைவு காதின் நினைவுக்குத் துணைசெய்யும்.

மூன்றாவது, ஈற்று விதிகளை முதல் மாதத்திலேயே கற்றுவிடுக. விதிக்குள் அடங்குவனவற்றை மனப்பாடம் செய்து களைத்துப் போகாமல், அடங்காதனவற்றுக்கு அவ்வுழைப்பைச் சேமித்து வைக்கலாம்.

நான்காவது, தனிச்சொல்லாக இன்றித் தொடராகக் கற்று, வாய்விட்டு ஓதுக. நம் முன்னோர் நிகண்டையும் நன்னூலையும் ஓதியே நினைவிற் கொண்டனர். மதரஸாக்களில் இன்றும் ஓதியே கற்பிக்கப்படுகிறது. ஓதும் பழக்கத்தைப் பழமை என ஒதுக்கிய மாணவர், அதன் அருமையை ஜெர்மன் வகுப்பில் உணர்வர்.

ஐந்தாவது, பெயருக்குப் பதிலாக வரும் சுட்டுப்பெயரிலும் பாலைப் பேணுக. 'திறவுகோல் எங்கே?' என்பதற்கு நாம் 'அது இங்கே' என்போம். ஜெர்மன் மொழியில் திறவுகோல் ஆண்பால் ஆதலின், 'அவன் இங்கே' என்னும் வாய்பாட்டில் 'ஏர்' எனக் கூறல் வேண்டும். உயிரற்றன எல்லாவற்றையும் 'அது' என்பது தமிழர்க்கு எளிதில் நேரும் பிழை.

இறுதியாக, பிழைக்கு அஞ்சி வாய்மூடியிருத்தல் வேண்டா. முற்சொல் தவறிய பேச்சும் பெரும்பாலும் விளங்கும். பேசாதிருத்தல் எவர்க்கும் விளங்காது. தேர்வுத்தாளிலும் பணிக்குறிப்பிலும் விழிப்போடு இருந்தால் போதும்.

நிறைவாக

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், தமிழ்ச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். முற்சொல்லே இல்லாத, வினையின் ஈற்றில் பால் காட்டுகின்ற ஒரு மொழி அவர்க்கு எத்துணைப் புதுமையாய் இருந்திருக்கும்! நியாயமில்லை எனக் கூறி அவர் திரும்பிச் செல்லவில்லை. பத்தாண்டுகளில், 1716-இல், ஹாலே நகரில் அவருடைய தமிழ் இலக்கண நூல் அச்சேறியது.

இரு நூற்றாண்டுகள் கழிந்து 1907-இல் ஹைடல்பெர்க் சென்றார் அல்லாமா இக்பால். மார்க் ட்வைன் ஜெர்மன் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய அதே நகரில் அவரும் அம்மொழியைக் கற்றார். மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸைப் போற்றி கெதே 1819-இல் வெளியிட்ட கவிதைத் தொகுதிக்குக் கிழக்கின் மறுமொழியாக 1923-இல் 'பயாமெ மஷ்ரிக்' என்னும் நூலை அளித்தார். அவருடைய எழுத்துகளை ஜெர்மானியர்க்கு அறிமுகம் செய்வதில் பெரும்பங்கு ஆற்றியவர் ஜெர்மானிய அறிஞர் அன்னெமாரி ஷிம்மெல். இவ்வாறு இரு திசையிலும் மொழி கற்றோரே பாலம் அமைத்தனர்.

அப்பாலத்தின் முதற்படி, கரண்டிக்கு 'டெர்' என்பதை வாதாடாமல் ஏற்றுக்கொள்வதுதான். ஒரு மொழியைக் கற்றல் என்பது, நம் நெறியே நெறி என்னும் எண்ணத்தைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்து, பிறர் உலகை எவ்வாறு வகுத்துக்கொண்டனர் என்பதைப் பணிவோடு கேட்பதாகும். குழந்தையை 'அது' என்று கொஞ்சும் தமிழும், கதிரவனைப் பெண்பாலாக்கும் அரபும் அப்பணிவை நமக்கு முன்னரே கற்பித்துள்ளன. ஜெர்மன் வகுப்பிலிருந்து பாதியில் திரும்ப எண்ணும் நம் மாணவ மாணவியர் இதனை நினைவிற்கொள்வார்களாக. பெற்றோரும் பெரியோரும், தேர்வில் ஒரு முறை தவறிய பிள்ளையை “உனக்கு மொழி வராது” எனக் கூறித் தளரச் செய்யாமல், மீண்டும் ஒரு முறை அமரச் செய்வார்களாக.